கரிமருந்துத் துப்பாக்கி (ஆனேக்கல் வட்டாரம்)

கரிமருந்துத் துப்பாக்கி என்பது குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி. தமிழகக் கிராமங்களில் இதை நாட்டுத் துப்பாக்கி என்பார்கள். காவல் நிலையப் பதிவேடுகளில் எஸ்.பி.எம்.எல். (ஒற்றைக்குழல் வாய்மருந்துத் துப்பாக்கி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்); இலங்கைத் தமிழர் பேச்சில் இடியன் துவக்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதன் பாகங்களை ஒரு பெட்டியாக வாங்கி, வீட்டுப் பட்டறையில் அராவி, இழைத்து, பூட்டிச் சேர்ப்பது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள ஆனேக்கல் வட்டத்திலும், எல்லைக்கு இப்பால் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கங்களிலும் அதே துப்பாக்கிக்கு வேறு வாழ்க்கை. இங்கே அது ராகிக் கொல்லையைக் காக்க உழவர் வைத்திருந்த கருவி. உரிமத்தோடு இருந்தவையும் உண்டு, இல்லாமல் கூரைக்குள் செருகி வைக்கப்பட்டவையும் உண்டு. பெட்டி வாங்கிப் பூட்டும் பொழுதுபோக்குக்கு இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. பொழுதுபோக்கு என்ற கண்ணோடு சட்டம் இந்தத் துப்பாக்கியை ஒருபோதும் பார்த்ததில்லை.

பாகங்களும் இயக்கமும்

இரும்புக் குழல், மரக்கட்டை, பக்கவாட்டில் பொருத்திய பூட்டு, கீழே விசை, குழலுக்கு அடியில் செருகிய இடிகம்பி என்பவை இதன் முதன்மைப் பாகங்கள். பூட்டின் மேலே வளைந்து நிற்பது குதிரை. கல்பூட்டு வகையில் குதிரையின் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல் கவ்வப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி சிறு கிண்ணத்திலுள்ள பொடிமருந்தில் விழும். அந்தத் தீ குழலின் பக்கத்திலுள்ள ஊசித்துளை வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். கண்ணுக்கு எதிரே கிண்ணத்துச் சீறல், அதற்கு அடுத்த கணம் வெடி என்று இரண்டு ஓசையும் தனித்தனியே கேட்கும்.

மழையில் இந்தக் கிண்ணம் நனைந்தால் துப்பாக்கி வெறும் தடிதான். பறவை வேட்டையில் கிண்ணத்துப் பளிச்சொளி பறவைகளைக் கலைத்துவிடுகிறது என்று சலித்துப்போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், அடித்தால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து பிறந்ததுதான் செம்புத் தொப்பி போன்ற கேப்பு. நம் வட்டாரத்து நாட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கேப்பு வகையே.

கரிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. அது எரிந்தபின் குழலில் தங்கும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். அதனால் சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். இக்காலப் புகையில்லா மருந்தை இதில் போட்டால் அழுத்தம் தாங்காமல் குழல் பிளக்கும். சுடுபவரின் இடது கைதான் முதலில் போகும்.

அயல்நாட்டுப் பெட்டிகள்

அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய தேசிய வாய்மருந்து ரைபிள் சங்கம் இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் போட்டிகள் நடத்திப் பழைய கலையை உயிரோடு வைத்தது. 1954-இல் டென்னசியில் டர்னர் கிர்க்லாந்து தொடங்கிய டிக்ஸி கன் ஒர்க்ஸ் உதிரிப்பாகங்களை அஞ்சலில் அனுப்பியது. இத்தாலியின் கார்டோனே வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கில் 1957 முதல் இயங்கும் பெடர்சோலி இன்றும் பெட்டிகளை விற்கிறது. இவை வளரக் காரணம் ஒரு சட்ட விலக்கு. 1968-ஆம் ஆண்டு அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றையும், கரிமருந்து மட்டும் ஏற்கும் வாய்மருந்துத் துப்பாக்கிகளையும் பழம்பொருள் எனத் தனியே பிரித்தது. ஆகவே அந்நாட்டு நடுவண் சட்டத்தில் அவற்றை வாங்க வழக்கமான பதிவு நடைமுறை இல்லை. மாநிலங்கள் சில வேறு விதி வைத்திருக்கின்றன.

பெட்டியில் வருவது பாதி முடிந்த துப்பாக்கி. குழல் துளைத்துச் சோதிக்கப்பட்டிருக்கும். பூட்டு பெரும்பாலும் கூட்டப்பட்டிருக்கும். கட்டை மட்டும் கரடாக இருக்கும். வேலையின் உயிர்நாடி குழலை மரத்தில் படியவைப்பது. குழலின் அடிப்பக்கத்தில் விளக்குக் கரியைப் பூசி, கட்டையின் பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். மரத்தில் கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உளியால் ஒரு சீவல் எடுத்து, மறுபடி பூசி, மறுபடி அழுத்துவார்கள். நூறு முறை செய்தாலும் அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலாக எடுத்துவிட்டால் இடைவெளி கடைசிவரை தெரியும். பிறகு இரும்பைத் துரு ஏற்றிப் பழுப்பு நிறமாக்குவதும், மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டுவதும் நடக்கும். நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்கிற வேலையை ஒரே ஆள் மேசை மேல் செய்து பார்ப்பதில்தான் இதன் ருசி.

ஆனேக்கல்லும் மருந்தும்

ஆனேக்கல் துப்பாக்கிக்குப் புதிய ஊர் அல்ல. 1760 ஆகஸ்டில் சீரங்கப்பட்டணத்தில் தம் எதிரி கண்டே ராவிடமிருந்து தப்பி ஓடிய ஹைதர் அலி வந்து சேர்ந்த கோட்டை இது. அப்போது அதன் காவல் அவருடைய மைத்துனர் இஸ்மாயில் அலியிடம் இருந்தது. அங்கிருந்துதான் ஹைதர் பெங்களூரு போய் மீண்டும் தலையெடுத்தார். 1791-இல் கார்ன்வாலிஸின் ஆங்கிலேயப் படை பெங்களூருக் கோட்டையைப் பிடித்து, அடுத்து ஓசூரையும் ராயக்கோட்டையையும் கைப்பற்றியபோது போர் இந்த எல்லைநிலம் முழுவதும் நடந்தது. ஹைதரின் மகன் திப்புவின் பட்டறைகளில் உருவான கல்பூட்டுத் துப்பாக்கிகள் புலிமுக வேலைப்பாட்டுக்குப் பேர்போனவை. இன்று அவை உலக அருங்காட்சியகங்களிலும் ஏலக் கூடங்களிலும் இருக்கின்றன. மருந்து வைத்த கிடங்குகள் மட்டும் இங்கே தங்கிவிட்டன. சீரங்கப்பட்டணத்துக் கிடங்கு ஒன்றை இரட்டை ரயில் பாதைக்காக 2017-இல் கட்டடத்தோடு நகர்த்தி வேறிடத்தில் வைத்தார்கள்.

போர் முடிந்ததும் ஆயுதப் பறிமுதல் தொடங்கியது. தெற்கே பாளையக்காரர் போருக்குப் பின் 1801 டிசம்பர் 1-ஆம் நாள் அறிவிப்பு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கட்டளையிட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஆயுத உரிமம் வந்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. மிஞ்சியது வாய்மருந்துத் துப்பாக்கி ஒன்றுதான். படைக்கு உதவாது, பன்றிக்கு உதவும் என்று ஆட்சியாளர் விட்டுவைத்தது அது. நரிக்குறவர்கள் வேட்டைக்குப் பயன்படுத்தியதும் இதைத்தான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை குற்றமான பின், அவர்களுடைய பிழைப்பு பாசிமணிக்கும் ஊசிக்கும் மாறியது.

சட்டம்

இன்று நடப்பில் உள்ளது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. இதன் 13-ஆம் பிரிவு படிக்கவேண்டிய ஒன்று. மெய்யான பயிர்க்காவலுக்கு வாய்மருந்துத் துப்பாக்கி கேட்டால் உரிமம் தரவேண்டும் என்கிறது அது. அந்தத் துப்பாக்கி போதாது என்று உரிம அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ஆக, சட்டத்தின் பார்வையில் இது மண்வெட்டி போன்ற ஓர் உழவுக் கருவி.

ஆனால் ஆனேக்கல்லில் இந்தச் சலுகை வேறொரு சட்டத்தின் மீது முட்டிக்கொள்கிறது. வட்டத்தை ஒட்டி 1974 முதல் பன்னேருகட்டா தேசியப் பூங்கா; தமிழகப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். சரணாலயத்திலும் அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கும் துப்பாக்கி உரிமதாரர் வனத்துறையிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் இல்லாமல் அந்த எல்லைக்குள் புதிய உரிமம் கிடையாது. தேசியப் பூங்காவுக்கும் இதுவே பொருந்தும். பயிர் அழியும் கொல்லைகள் எல்லாம் இந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன! ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும்; பன்றிக்குப் பருவமே இல்லை. துப்பாக்கி தேவைப்படும் இடமும் மறுக்கப்படும் இடமும் ஒன்றாகிவிட்டதால், உரிமமில்லாத துப்பாக்கி காடோரத்தில் ஓயவில்லை. எல்லைப்பகுதிக் கிராமங்களில் வனத்துறையும் காவல்துறையும் அவ்வப்போது, துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிக்கின்றன. ஆள் தெரியாமல் ஊர்ப் பொதுவிடத்தில் வைத்துவிட்டுப் போவதற்கும் இடம் தருகிறார்கள்.

பெட்டிப் பொழுதுபோக்கை நேரடியாக மூடுவது ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. துப்பாக்கி செய்யவோ, மாற்றவோ, பழுது பார்க்கவோ, சோதிக்கவோ தனி உரிமம் வேண்டும். ஆயுதம் என்ற சொல்லின் வரையறைக்குள் பாகங்களும், அவற்றைச் செய்யும் எந்திரங்களும் அடங்கும். எனவே குழலும் பூட்டும் உள்ள பெட்டி இந்தியச் சட்டத்தில் ஆயுதமே. தனிநபர் வெளிநாட்டிலிருந்து அதைத் தருவிக்கவும் முடியாது. பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டுமே இறக்குமதிச் சலுகை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கி செய்தால் ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை. வெறுமனே வைத்திருந்தாலே இரண்டு முதல் ஐந்து ஆண்டு. வாய்மருந்து வகை பழையது என்று இங்கே தள்ளுபடி எதுவும் கிடையாது. ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் கடைசல் எந்திரத்துக்கும் கைத்திறனுக்கும் குறைவில்லை, உரிமம்தான் இல்லை.

மருந்துக்கு வெடிபொருள் விதிகள் தனி. இவை எவ்வளவு அவசியம் என்பதற்கு இவ்வட்டாரத்தில் விளக்கம் தேவைப்படாது. 2023 அக்டோபர் 7 அன்று ஆனேக்கல் வட்டத்து அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடைக்கிடங்கு தீப்பிடித்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தீபாவளி வியாபாரத்துக்கு வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள்.

துளையில்லாத துப்பாக்கி

இந்தச் சட்டங்களுக்கு நடுவே ஒரு வேடிக்கை உண்டு. பழைய போர்களை மைதானத்தில் நடித்துக்காட்டும் அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் குழுக்களின் கையிலுள்ள, பழைய பிரிட்டிஷ் பிரவுன் பெஸ், பிரெஞ்சு சார்ல்வில் ஆகியவற்றின் நகல் துப்பாக்கிகளில் கணிசமானவை இந்தியத் தயாரிப்பு. தேக்குக் கட்டை, எஃகுக் குழல், வேலைசெய்யும் பூட்டு எல்லாம் இருக்கும். கிண்ணத்திலிருந்து குழலுக்குத் தீ போகும் அந்த ஊசித்துளை மட்டும் இருக்காது. துளை இல்லாதவரை அது சுடாத நகல், அப்படித்தான் கப்பலேறுகிறது. கடலுக்கு அப்பால் விற்பவரோ வாங்குபவரோ, அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டுத் துளையிட்டுக்கொள்கிறார்கள். விலை மலிவு என்று புகழ்வோரும், குழலின் தரம் தெரியாமல் சுடலாமா என்று முகம் சுளிப்போரும் அங்கே உண்டு. இந்தியாவில் அந்தத் துளையைப் போடுபவர், போலித் துப்பாக்கியை மெய்த் துப்பாக்கியாக மாற்றியவர் ஆவார். ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதற்கும் உரிமம் கேட்கிறது.

குடகு விலக்கு

ஆனேக்கல் இருக்கும் அதே கர்நாடகத்தின் மேற்கே குடகில் கதை தலைகீழ். 1861-இல் மைசூர்-குடகு ஆணையர் மார்க் கப்பன், குடகின் கொடவ இனத்தவருக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் அது தொடர்ந்தது. கொடவரும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உடையோரும் இதில் அடங்குவர்; கைத்துப்பாக்கிக்கு இது பொருந்தாது. நடுவண் அரசு 2019-இல் இதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது.

குடகில் துப்பாக்கி வீட்டுத் தெய்வத்தோடு சேர்ந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கைல்பொல்து விழாவில் துப்பாக்கிகளைத் துடைத்து அடுக்கி, தோக்கு பூ வைத்து வணங்குவார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அந்தத் தோக்கு பூ. பிறகு தேங்காயைக் கட்டி வைத்துக் குறிபார்த்துச் சுடும் போட்டி. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, சாவுக்கு இரண்டு வேட்டு என்பது மரபு. இந்தியாவில் கரிமருந்துத் துப்பாக்கியை யாரும் ஒளிக்காமல் கையில் எடுப்பதைப் பார்க்க விரும்புபவர் போகவேண்டிய இடம் குடகே.

ஆர்வலருக்கு உள்ள வழிகள்

உரிமம் பெற்ற ஆலைகள் முங்கேர், ஜம்மு, உதய்பூர் ஆகிய இடங்களில் உள்ளன. முங்கேரின் தொழில் வங்காள நவாப் மீர் காசிம் 1760-களில் தலைநகரை அங்கே மாற்றியதிலிருந்து தொடங்குகிறது. ஆயுத உரிமம் உள்ளவர் முழுத் துப்பாக்கியாக வாங்கலாம். பூட்டிப் பார்க்கப் பாகமாக வாங்க முடியாது. தேர்தல் அறிவித்ததும் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறவேண்டும்.

பழுது பார்த்தாலும் இனிச் சுடவே முடியாத, வழக்கொழிந்த பழம் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. தாத்தா காலத்துத் துருப்பிடித்த குழலைச் சுவரில் மாட்ட நினைப்பவர்கள், அது உண்மையிலேயே இந்த வகையில் சேருமா என்பதைத் தாமே தீர்மானிக்காமல் மாவட்ட உரிம அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நூறாண்டு கடந்ததென்றால் 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. கைவேலையில்தான் ஆசை என்பவருக்கு மரத்திலும் பித்தளையிலும் பூட்டு மாதிரிகள் செய்வதில் தடையில்லை. அளவெடுக்க அசல் வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்த தொகுப்பு இருக்கிறது.