பொம்மை மாட்டுக்குள் ஒரு கேமரா

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், த்வைட் என்னும் சிற்றூரில் பிறந்த ரிச்சர்ட் கியர்டன், செர்ரி கியர்டன் சகோதரர்கள் 1892 ஏப்ரலில் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக்கூட்டைப் படமெடுத்தது முதற்கொண்டே அந்நாட்டில் காட்டுயிர்ப் புகைப்படக்கலை ஓர் ஒழுங்கான முயற்சியாக உருப்பெற்றது எனலாம். பறவைகள் குஞ்சு பொரிக்கும் வேனிற்பருவமே அவர்களது பணிக்காலம். தொலைவிலுள்ளதை அண்மையாகக் காட்டும் வில்லைகள் அரிதாயிருந்த அக்காலத்தில், கனத்த கேமராவையும், ஒளியை உணரும் வேதிப்பூச்சு கொண்ட கண்ணாடித் தகடுகளையும் சுமந்து பறவைக்கு மிக அருகே செல்ல வேண்டியிருந்ததால், அதன் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் கூடாரம் போன்ற ‘மறைவிடம்’ இன்றியமையாததாயிற்று.

போலி மரத்தடி முதல் போலிப் பாறை வரை அவர்கள் செய்த மறைவிடங்களுள், 1900இல் எருதின் தோலைச் சட்டத்தின்மீது போர்த்தி, உள்ளே ஒருவர் கேமராவுடன் ஒடுங்கி நிற்குமாறு அமைத்த பொம்மை மாடு தனித்துக் குறிப்பிடத்தக்கது. பார்ப்பதற்கு வேடிக்கையே எனினும், மேய்ச்சல் நிலத்துப் பறவைகள் கால்நடைகளுக்கு அஞ்சுவதில்லை என்னும் கூர்ந்த கவனிப்பில் விளைந்தது அது. பறவைக்கூடுகளைப் பற்றி 1895இல் அவர்கள் வெளியிட்ட நூல், முழுவதும் இயற்கைச் சூழலில் எடுத்த புகைப்படங்களைக் கொண்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. சுட்டு வீழ்த்திப் பதப்படுத்திய உடல்களையும் திரட்டிய முட்டைகளையும் வைத்தே பறவைகளை ஆராய்ந்த வழக்கத்திற்கு மாற்று உண்டு என மெய்ப்பித்ததே, படங்களின் அழகினும் பெரிய சாதனை.