மாவுப்பூச்சி: செடியைக் காப்பது எப்படி?

வீவக வீட்டுத் தாழ்வாரத்திலோ சமூகத் தோட்டத்திலோ கறிவேப்பிலை, செம்பருத்தி, கத்தரி, பப்பாளி வளர்ப்போருக்கு மாவுப்பூச்சி பழக்கமான தொல்லை. இலையின் அடியிலும் கணுக்களிலும் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும். சாற்றை அது உறிஞ்சுவதால் தளிர் சுருண்டு செடி வாடும். அது வெளியேற்றும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படரும்.

தமிழகம் கற்ற பாடம்

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி தோட்டங்கள் பெரும் சேதமடைந்தன. பூச்சியின் உடலை மூடிய மெழுகுப் படலத்தைத் தாண்டி மருந்து உள்ளே செல்லவில்லை. அதன் இயற்கை எதிரிகளும் அங்கு இல்லை.

2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டன. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்பவை இவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது. சில மாதங்களிலேயே பூச்சி கட்டுக்குள் வந்தது.

வீட்டில் செய்யவேண்டியவை

* வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் பிப்ரவரியில் கூடுதல் கவனம் தேவை.
* பூச்சி கண்ட தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மோசமான கிளைகளை வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடவேண்டாம்.
* பூச்சி குறைவாக இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். அதிகமென்றால் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மாலையில் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்கவேண்டும். சமையலுக்குப் பறிக்கும் இலைகளை நன்கு கழுவுங்கள்.
* எறும்புகளைத் தடுங்கள். இனிப்பு நீருக்காக அவை மாவுப்பூச்சியைப் பாதுகாக்கின்றன.

நல்ல பூச்சியைக் கொல்லாதீர்கள்

மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை இழைகளோடு அதைப்போலவே இருக்கும். ஆனால் அளவில் பெரிது, வேகமாக நகரும். அதைக் கண்டால் சோப்பு நீர் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள்.

ஊரிலிருந்து செடி வேண்டாம்

விடுமுறை முடிந்து திரும்பும்போது கறிவேப்பிலைக் கன்றோ மல்லிகைப் பதியனோ பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். இந்தியாவிலிருந்து செடி கொண்டுவர அந்நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இங்குள்ள தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் தேவை. ஒரே ஒரு இலையடியில் ஒளிந்துவரும் முட்டைகள் ஒரு சமூகத் தோட்டத்தையே பாழாக்கப் போதும். உள்ளூர் நாற்றுப் பண்ணையில் வாங்குவதே பாதுகாப்பு.