பாசிப்பாட்டமும் மீன் ஏலமும்: புதுக்கோட்டைக் கண்மாய்களில் மீன் உரிமையின் வரலாறு

புதுக்கோட்டை மாவட்டத்தில் காவிரி நீர் பாய்வது கல்லணைக் கால்வாய் எட்டும் கிழக்குப் பகுதியில்தான். எஞ்சிய நிலம் வடகிழக்குப் பருவமழையையும் அதைத் தேக்கும் கண்மாய்களையும் நம்பியது. இக்கண்மாய்களின் பாசன வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அவற்றில் வளரும் மீன் யாருக்கு உரியது என்னும் வினா அந்த அளவு கவனம் பெறவில்லை. மீன் வளர்ப்போருக்கு இன்று வழங்கப்படும் தொழில்நுட்ப அறிவுரைகள், நீர்நிலை முழுவதும் ஒருவர் பொறுப்பில் இருப்பதாகக் கொண்டு அமைகின்றன. பண்ணைக் குட்டைக்கு இது பொருந்தும். பலருடைய உரிமைகள் பின்னிக்கிடக்கும் கண்மாய்க்குப் பொருந்துமா என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்ற சொல் பயில்கிறது. ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தப்பட்ட தொகை என்று இதற்குப் பொருள் கொள்வர். சொல் பாசியைக் குறிக்க, பொருள் மீனைக் குறிப்பது சிந்தனைக்குரியது. இவ்வருவாயை அந்தந்த ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கும் வழக்கமும் கல்வெட்டுகளால் தெரியவருகிறது. உத்தரமேரூரில் 10ஆம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இயங்கியதை நோக்க, ஏரியின் வரவும் செலவும் ஊரவையின் கணக்கில் இடம்பெற்றதில் வியப்பில்லை. இங்கு நடைமுறை சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. கோடையில் நீர் வற்றும்போதுதான் மீன் முழுமையாகக் கைக்கு வரும். தூர் வாரவும் அதுவே ஏற்ற காலம். பணமும் வேலையும் ஒரே பருவத்தில் கூடின. வண்டலைக் குமிழி வழியே வெளியேற்றும் நுட்பம் இருந்தபோதும் மனித உழைப்பின் தேவை நீங்கவில்லை.

சமஸ்தான காலத்தில் 1878 முதல் 1894 வரை திவானாகவும் பின்னர் ஆட்சிப் பிரதிநிதியாகவும் இருந்த சேஷையா சாஸ்திரி, விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறையை நீக்கினார். 3-3-1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டம் உருவாயிற்று. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் அமைந்தன. மீன் ஏலம் தொடர்ந்தது. ஆனால் மீன், பாசனம், பயிர் ஆகிய மூன்றும் மூன்று துறைகளின் பொருளாயின.

இப்பிரிவை ஆழப்படுத்தியது அறிவியல் வளர்ச்சி. கெண்டை இனக் குஞ்சுகளை ஆறுகளில் திரட்டிவந்த நிலையை மாற்றியது, 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் நிகழ்த்திய தூண்டல் இனப்பெருக்கம். குஞ்சு விலைக்குக் கிடைத்தது. கட்லா மேற்பரப்பிலும் ரோகு இடைமட்டத்திலும் மிர்கால் அடித்தளத்திலும் இரைதேடும் கூட்டுமீன் வளர்ப்பு பரவியது. ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள் இடுவதும், அதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கு இட்டு விரால், கெளுத்தி போன்ற இரைபிடி மீன்களை அகற்றுவதும் அம்முறையின் பாடங்கள். இலுப்பையைப் பெயரிலேயே தாங்கிய இலுப்பூர் உள்ள மாவட்டத்தில் அப்புண்ணாக்கு அயலான பொருளன்று. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஏலம் எடுத்தவருக்குக் களைமீனாகத் தோன்றும் விரால்தான் ஊராருக்கு விருந்து.

இலுப்பூர், அன்னவாசல், பொன்னமராவதி வட்டாரங்களில் கோடையில் நடைபெறும் மீன்பிடித் திருவிழா இதற்குச் சான்று. நீர் குறைந்த கண்மாயில் வெள்ளை வீசப்பட்டதும், ஊத்தா, கச்சா, தூரியுடன் சுற்றுவட்டார மக்கள் இறங்குவர். பிடித்த மீன் விற்பனைக்கன்று, வீட்டுக் குழம்புக்கு. மழையும் விளைச்சலும் பெருகும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தது. நாட்டார் வழக்காற்றியலாளர் இதைச் சடங்காக விளக்கலாம். அதற்கு முன் இதை உரிமைப் பயன்பாடாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீரின் காலக்கணக்கும் கவனத்திற்குரியது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் கண்மாய் பல ஊர்களில் சித்திரைக்குள் வற்றிவிடும். ஆண்டளவு வளர்ப்புக்காலம் வேண்டும் கெண்டைக்கு இது போதாது. ஆகவே சிறு குஞ்சுகளை விட, வேறிடத்தில் ஓரளவு வளர்த்த பெருங்குஞ்சுகளை விடுவதே தக்கது. நெல் அறுத்தபின் உளுந்து விதைக்கும் ஆயக்கட்டுதாரருக்கோ எஞ்சிய நீர் ஒரு நனைப்புக்கு வேண்டும். வம்பனிலுள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் மாவட்டத்திற்குள்ளேயே உளுந்து இரகங்களை உருவாக்கி வருகிறது. உளுந்துக்கான அந்நனைப்பும் மீனுக்கான நீர்மட்டமும் ஒரே மடையைச் சார்ந்தவை. பரிந்துரைகளோ தனித்தனியே எழுதப்படுகின்றன.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டெடுத்தபோது தூர் வாரும் செலவின் பெரும்பகுதியை அரசும், சிறுபகுதியை ஆயக்கட்டுதாரரும் ஏற்குமாறு வகுக்கப்பட்டது. பாசிப்பாட்டத்தின் வழிவந்த மீன் வருவாய்க்கு அக்கணக்கில் இடமில்லை. ஒன்றியங்களின் ஏலப் பதிவேடுகளைக் கண்மாய் வாரியாகத் தொகுத்து, அவ்வவ்வூர்க் கல்வெட்டுகளோடும் திருவிழா மரபோடும் ஒப்பிடும் கள ஆய்வு அடுத்து மேற்கொள்ளத்தக்கது. கவிநாட்டுக் கண்மாயிலிருந்து அதைத் தொடங்கலாம்.