துப்பாக்கி, போதை, ஓர் உயிர்: கனடாவில் நான்கு வருடக் கணக்கு

“போதையில கை தவறி வெடிச்சிட்டுது, வேணுமெண்டு செய்யேல்லை.” இப்படியொரு மரணம் பற்றிப் பேச்சு வந்தால், பெரிதாக ஒன்றும் வராது என்று எம்மில் பலர் நினைக்கிறோம். கனடாவின் குற்றவியல் சட்டக்கோவை அப்படிப் பார்ப்பதில்லை.

கொல்லும் எண்ணம் இல்லாவிட்டால் அது கொலை ஆகாது. கைமோசக் கொலை (236ஆம் பிரிவு) அல்லது குற்றவியல் கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் (220ஆம் பிரிவு) என்று வழக்கு வரும். இரண்டுக்கும் உச்சத் தண்டனை ஆயுள். துப்பாக்கி சம்பந்தப்பட்டால் ஆகக் குறைந்தது நான்கு வருடச் சிறை. 2022இல் நாடாளுமன்றம் பல குறைந்தபட்சத் தண்டனைகளை நீக்கியது. இந்த இரண்டிலும் கைவைக்கவில்லை.

நோவா ஸ்கோஷியாவில் மது அருந்தியிருந்த ஒருவர், கட்டிலின் மேல்தட்டில் படுத்திருந்த நண்பனை வெருட்டுவதற்காகக் குண்டேற்றிய துப்பாக்கியோடு பாய்ந்து ஏறினார். கால் சறுக்கியது, துப்பாக்கி வெடித்தது, நண்பன் இறந்தான். விசாரணை நீதிபதி நான்கு வருடத்தை மிகை என்று கண்டு குறைத்தார். உச்ச நீதிமன்றமோ 2000ஆம் ஆண்டில், இது கொடூரமான தண்டனை அல்ல என்று தீர்ப்பளித்தது.

கைமோசக் கொலைக்குச் சாதாரண போதை எதிர்வாதம் ஆகாது. போதையோடு துப்பாக்கியைத் தொட்டதே பழியைக் கூட்டும். தன்னிலை முற்றாக இழந்தவருக்கு 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. யூன் 23இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதைப் பெருமளவு அடைத்துவிட்டது. மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் போனது தண்டனையைக் குறைக்க உதவலாம், ஆனால் நான்கு வருடத்துக்குக் கீழே கொண்டுபோகாது.

இனிக் கணக்கு, அது எமது தொழில். விளக்கமறியலில் இருந்த ஒவ்வொரு நாளும் ஒன்றரை நாள் வரை கழிக்கப்படலாம். ஒரு வருடம் இருந்தவருக்கு 48 மாதத்தில் 18 போக மிச்சம் 30. அதில் மூன்றிலொரு பங்கு, அதாவது 10 மாதம் கழிந்ததும் முழுப் பரோலுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு முடிந்தால், வழக்கமாகக் கண்காணிப்புடன் விடுதலை.

பிரஜாவுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிட அட்டையோடு காலம் கடத்தும் எம்மவருக்கு விடயம் இதோடு முடிவதில்லை. பத்து வருடமோ அதற்கு மேலோ உச்சத் தண்டனையுள்ள குற்றம் குடிவரவுச் சட்டத்தில் ‘பாரதூரமான குற்றம்’. சிறைத்தண்டனை ஆறு மாதத்தைத் தொட்டாலே, நாடுகடத்தலுக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இல்லை. சிறு குற்றங்களில் நீதிபதி இந்த விளைவையும் எண்ணிச் சற்றுக் குறைக்கலாம். இங்கே அதற்கு இடமில்லை. அகதிப் பாதுகாப்புப் பெற்றவரை அவர் தப்பியோடி வந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், அவர் பொதுமக்களுக்கு ஆபத்தானவர் என்று அமைச்சர் தரப்பு தனியாக முடிவெடுக்க வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன், முதல் சந்திப்பிலேயே, உங்கள் வதிவிட நிலை என்னவென்று சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.