பரமபதம்: விதியும் விதியும்

பரமபத சோபான படத்தை ‘விளையாட்டு’ என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. தாயக்கட்டையை உருட்டுகிறோம்; விழுந்த எண்ணுக்கு நகர்கிறோம்; பாம்பின் வாயில் நின்றால் இறக்கம், ஏணியின் அடியில் நின்றால் ஏற்றம். ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு என்று ஒன்றுகூட இல்லை. பல்லாங்குழியின் கணக்கோ ஆடுபுலி ஆட்டத்தின் சூழ்ச்சியோ இதில் கிடையாது. பேயாழ்வார் பிறந்த ஊர் என்று சொல்லப்படும் மயிலாப்பூரில், வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிப்பதற்காக இதை ஆடினார்கள். யோசிக்கவே வேண்டாத ஆட்டம் எப்படித் தூக்கத்தைக் கலைத்தது?

இதற்கு நேரெதிராக நிறுத்தத்தக்கது ‘ஸ்லே த ஸ்பையர்’ என்ற கணினி விளையாட்டு. 2017இல் முன்னோட்டமாகவும் 2019 ஜனவரியில் முழுமையாகவும் வெளியானது. இதிலும் ஏற்றம்தான்: ஒரு கோபுரத்தில் நிலை நிலையாக ஏற வேண்டும். ஆனால் கையில் பகடை இல்லை, சீட்டுக்கட்டு இருக்கிறது. முதல் பாத்திரத்துக்குத் தொடக்கத்தில் 10 சீட்டு: ஐந்து அடி, நான்கு தடுப்பு, ஒரு பலத்த குத்து. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மூன்று சீட்டு காட்டப்படும். ஒன்றை எடுக்கலாம், எதுவும் வேண்டாமென்றும் சொல்லலாம். இந்த ‘வேண்டாம்’தான் ஆட்டத்தின் மேதமை. நல்ல சீட்டாகத் தெரிவதையெல்லாம் வாரிப் போட்டவனின் கட்டு பெருத்து, தேவையான நேரத்தில் தேவையான சீட்டு வராமல் செத்துப்போவான். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே தெரியும். ஆகவே தோற்றால், ‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்ல வழியில்லை.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. அந்த மூன்று சீட்டும் தற்செயலாக வந்தவை. வழியில் கிடைக்கும் பொருள்களும் அப்படியே. தற்செயல் குறையவில்லை, தேர்வு என்ற துணியால் மூடப்பட்டிருக்கிறது. தோற்றவன் தன் புத்தியை நொந்துகொண்டு முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குகிறான் (செத்தவனை ஒரு தெய்வம் உயிர்ப்பித்து அனுப்புவதாகக் கதை, புனர்ஜென்மம்தான், வேறென்ன). ஜெயித்தவனுக்காவது விடுதலை உண்டா? அவனுக்குக் காத்திருப்பது ஒன்றைவிட ஒன்று கடினமான 20 ஏற்றநிலைகள். பரமபதத்தில் உச்சியைத் தொட்டவர் எழுந்து போய்விடலாம்.

பரமபதத்தின் ஈவிரக்கமற்ற இடம் மேலே நீண்டு கிடக்கும் பெரிய பாம்பு என்று எல்லாரும் நினைக்கிறோம். எனக்கு அது வாசல் என்று படுகிறது. தாயம் விழாமல் உள்ளே இறங்க முடியாது. இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். 16 சேர்க்கைகளில் தாயம் இரண்டே. எட்டு முறை உருட்டிய பிறகும் மூவரில் ஒருவர் ஏறக்குறைய வெளியிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை. ஆனால் படம் வேறு கதை சொல்கிறது: பாம்புகளுக்கு அசுரர் பெயர்கள், விழுந்தவன் பாவத்தால் விழுந்தான் என்ற பாவனை. விக்டோரியா கால இங்கிலாந்துக்குப் போனதும் உழைப்பும் சிக்கனமும் ஏணிகளாயின. கட்டை தற்செயலைப் பேசுகிறது, படம் தகுதியைப் பேசுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டே இருப்பதை இரவு முழுக்கப் பார்க்கலாம். கூடத்துச் சிரிப்பெல்லாம் அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

தகுதி என்ற சொல் மயிலாப்பூரில் வெறும் ஆட்டச் சொல் இல்லை. வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் 14இல் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிமுக்கு 1. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜனும் சீனிவாசனும் 1950இல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். மனுதாரர் தரப்பில் வாதாடியவர்களில் மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் உண்டு. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னால் தெரியவந்தது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது; தமிழ்நாட்டில் கிளர்ச்சி; ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். மதிப்பெண் என்ற ஏணியை மட்டும் பார்த்தவர்களிடம், தாயம் யாருக்கு எப்போது விழுந்தது என்று கேட்ட வரலாறு இது.

தமிழில் ‘விதி’ என்றால் ஊழ், சட்டமும் விதியே. பரமபதத்தை ஊழின் ஆட்டமாக மட்டும் வாசிப்பவர்கள் இரண்டாம் பொருளை விட்டுவிடுகிறார்கள். என்னிடமுள்ள படத்தாளில் விதி எதுவும் அச்சிடப்படவில்லை. அது வாயில் இருக்கிறது. சின்னப் பிள்ளை அழுதால், “பாவம், மூணு தடவை போட்டாச்சு, உள்ள வரட்டும்” என்று பாட்டி சொல்வாள். அந்த நிமிஷத்திலிருந்து அதுவே விதி. ஸ்லே த ஸ்பையரின் விதியையும் நிரல் தெரிந்தவர்கள் மாற்றுகிறார்கள்தான். ஆனால் ஆட்டத்தின் நடுவே, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து மாற்ற முடியாது. பக்கத்தில் யாரும் இல்லை.

பாட்டியின் இரக்கத்துக்கும் எல்லை உண்டு. அது கூடத்தில் உட்கார இடம் கிடைத்த பிள்ளைகளுக்கானது. அந்த ஏகாதசி இரவுகளில் கொல்லைப்புறம் வழியாக வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனவளின் பிள்ளை கையில் யாரும் கட்டையைக் கொடுத்ததில்லை.