தினசரி வழித்தேர்வும் சாலை நெரிசலும்: கணிதம் கூறுவது என்ன?

அமெரிக்காவின் சான்டா கிளாரா நகருக்கு வேலைக்குச் செல்வோர் ஒவ்வொரு காலையும் எடுக்கும் சிறிய முடிவுகள், அன்றைய நெரிசலை மட்டுமன்றி மறுநாள் நெரிசலையும் தீர்மானிக்கின்றன என்று போக்குவரத்து ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்டெல், என்விடியா ஆகிய நிறுவனங்களின் தலைமையகங்கள் அமைந்துள்ள இந்நகருக்கு, தமிழர்கள் பலர் வசிக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து வருவதற்குப் பல வழிகள் உள்ளன. 880ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தெற்கே வந்து 237இல் திரும்பலாம். இன்னும் தெற்கே சென்று மான்டேகு எக்ஸ்பிரஸ்வேயைப் பிடிக்கலாம். அல்லது 680 வழியாக வந்தும் அதே மான்டேகுவை அடையலாம்.

இவற்றில் எது விரைவானது என்பது, மற்றவர்களில் எத்தனை பேர் அதைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதைப் பொறுத்தது. புறப்படும் வேளையில் பயணியின் கையில் இருப்பவை நேற்றைய அனுபவமும், கைபேசி தரும் தகவலும் மட்டுமே.

சமநிலைக் கோட்பாடு

பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் வார்ட்ராப் 1952இல் இதற்கு ஒரு விதியை வகுத்தார். எந்தப் பயணியும் தனது வழியை மாற்றுவதால் நேரத்தை மிச்சப்படுத்த முடியாத நிலையே சமநிலை என்றார் அவர். அந்நிலையில், பயன்படுத்தப்படும் வழிகள் அனைத்திலும் பயண நேரம் ஒன்றாகவே இருக்கும்.

சாலைத் திட்டமிடல் பல பத்தாண்டுகளாக இவ்விதியை அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஆனால் அச்சமநிலை எவ்வாறு எட்டப்படுகிறது என்பதை விதி விளக்குவதில்லை. நாளுக்கு நாள் நிகழும் மாற்றங்களை ஆராயும் கணித மாதிரிகள் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கின்றன.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். இரண்டு வழிகள், ஆயிரம் கார்கள். முதல் வழி வெறுமையாக இருந்தால் 10 நிமிடங்கள், இரண்டாவது 20 நிமிடங்கள். ஒவ்வொரு வழியிலும் 50 கார்களுக்கு ஒரு நிமிடம் கூடுகிறது. முதல் வழியில் 750 பேரும், மற்றதில் 250 பேரும் சென்றால் அனைவருக்கும் 25 நிமிடங்கள். இதுவே சமநிலை.

ஒரு நாள் முதல் வழியில் 900 பேர் சென்றதாகக் கொள்வோம். அவர்களுக்கு 28 நிமிடங்கள்; மற்றவர்களுக்கு 22. இதை அறிந்து மறுநாள் 400 பேர் மாறினால், முதல் வழி 20 நிமிடங்களாகக் குறைகிறது. இரண்டாவது 30 ஆகிறது. மாறியவர்களே நட்டமடைகின்றனர். மாறாக 90 பேர் மட்டும் மாறினால் இரு வழிகளின் நேரங்களும் சுமார் 26, 24 என நெருங்கிவிடுகின்றன. அனைவரும் உடனுக்குடன் செயல்படுவதைவிட, சிலரின் தயக்கமே வலையமைப்பை நிலைப்படுத்துகிறது.

இரண்டே வழிகள் இருந்தாலும், பயணிகள் கடந்த கால அனுபவத்தைக் கணக்கில் கொள்ளும் விதத்தைப் பொறுத்து, சமநிலை எட்டப்படாமலே போகலாம் என்பதை அமெரிக்க அறிஞர் ஜோயல் ஹோரோவிட்ஸ் 1984இல் காட்டினார்.

பழக்கத்தின் வலிமை

மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கின்றனர் என்பதை டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஹானி மஹ்மஸானியும் அவரது குழுவினரும் கணினி வழிச் சோதனைகளின் மூலம் ஆராய்ந்தனர். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான கார்த்திக் ஸ்ரீனிவாசனும் மஹ்மஸானியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, இருக்கும் வழியிலேயே தொடரும் பழக்கத்தையும், தரப்படும் தகவலுக்கு இணங்கும் போக்கையும் தனித்தனியே அளவிட முனைந்தது.

பழக்கத்தின் வலிமைக்கு மினியாபொலிஸ் நகரம் சான்றாக உள்ளது. நாளொன்றுக்கு சுமார் 1,40,000 வாகனங்கள் சென்ற அங்குள்ள 35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி இடிந்து 13 பேர் உயிரிழந்தனர். 2008 செப்டம்பரில் புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகும் போக்குவரத்து பழைய அளவுக்குத் திரும்பவில்லை. மாற்று வழிக்குப் பழகியவர்களில் ஒரு பகுதியினர், சில நிமிடங்களை மிச்சப்படுத்துவதற்காக மீண்டும் மாற முன்வரவில்லை என்பது இதை ஆராய்ந்த ஷியோலெய் குவோ, ஹென்றி லியு ஆகியோர் 2011இல் தந்த விளக்கம்.

சுமையைத் தாங்குவது யார்?

திறன்பேசிச் செயலிகளின் வருகை இந்நிலையை மாற்றியுள்ளது. ஒரே தகவல் ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேரைச் சென்றடைவதால், தயக்கம் குறைகிறது. நெடுஞ்சாலை நெரிசல் குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைகிறது. ஃப்ரீமான்ட் நகர நிர்வாகம், 680ஐத் தவிர்த்து உள்ளூர்ச் சாலைகளில் புகும் வாகனங்களைத் தடுக்க நெரிசல் நேரங்களில் சில இடங்களில் திரும்பத் தடை விதித்தது. நியூ ஜெர்சியின் லியோனியா 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களில் நெரிசல் நேரங்களில் வெளியூர் வாகனங்கள் செல்லத் தடை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அவ்விதிகள் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

தடைக்கு மாற்றாகக் கட்டணமும் கையாளப்படுகிறது. சான்டா கிளாரா மாவட்டத்தில் 237ஆம் இலக்கச் சாலையின் விரைவுத் தடங்களில், நெரிசலுக்கேற்ப மாறும் கட்டணம் 2012 முதல் வசூலிக்கப்படுகிறது. வழித்தேர்வு பயணியின் உரிமையாகவே இருக்கிறது. அதன் விலை மட்டும் மாறுகிறது.

எனினும் கட்டணம் செலுத்த இயலாதவர்களும், சாலையோரம் வசிப்பவர்களும் இக்கணக்கில் எங்கே இடம்பெறுகின்றனர் என்பது கணித மாதிரிகள் மட்டும் தீர்க்கக்கூடிய கேள்வி அல்ல. ஒரு சாலையைத் தற்காலிகமாக மூடினாலும் அதன் விளைவு நிலைத்துவிடலாம் என்பதை மினியாபொலிஸ் அனுபவம் திட்டமிடுவோருக்கு உணர்த்துகிறது.