லினக்ஸில் 2-வது மானிட்டர் தெரியலையா? கேபிள் முதல் டிரைவர் வரை... இந்த வரிசையில் செக் பண்ணுங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: ஒரு மானிட்டரில் படம் வருது, இன்னொன்று கறுப்பாவே கிடக்குது! என்ன செய்யலாம்? உபுண்டு 24.04-ஐ வைத்துப் பார்ப்போம்.

கேபிள் எங்கே இருக்கு?

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப்பில், 2 மானிட்டர் கேபிளும் கார்டில் உள்ள போர்ட்டில்தான் இருக்கணும். ஒன்றை மதர்போர்டு போர்ட்டில் செருகியிருந்தால் அது வேலை செய்யாமல் போகலாம். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

டிரைவர் ஏன் முக்கியம்?

இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கு. தனியாக எதுவும் போட வேண்டாம். சிஸ்டத்தை அப்டேட் செய்தாலே போதும். என்விடியா கார்டுதான் வேறு கதை. உபுண்டு தானாகப் பயன்படுத்தும் 'நூவோ' டிரைவர், தன்னார்வலர்கள் உருவாக்கியது. புதிய கார்டுகளில் அது திணறலாம்.

இதற்கு 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற ஆப்பைத் திறங்க. பட்டியலில் 'டெஸ்டட்' என்று குறிப்பிட்டிருக்கும் என்விடியா டிரைவரைத் தேர்வு செய்து, 'அப்ளை சேஞ்சஸ்' கொடுத்து, ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு என்றால், 'ஓப்பன்' என்று பெயரில் உள்ள டிரைவர்தான் வேலை செய்யும். என்விடியா தளத்திலிருந்து நேரடியாக டவுன்லோடு செய்து போடுவதைத் தவிர்ப்பது நல்லது. அடுத்த கெர்னல் அப்டேட்டில் திரை வராமல் போக வாய்ப்பு இருக்கு.

நீலத் திரை வந்தால் பயப்படாதீங்க!

செக்யூர் பூட் ஆனில் இருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' தேர்வு செய்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்கணும். அவசரத்தில் இதைத் தாண்டிவிட்டால், போட்ட டிரைவர் லோடே ஆகாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

2 திரையையும் அடுக்குவது எப்படி?

செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளேஸ்' போங்க. 'ஜாயின்' கொடுத்தால் 2 திரையும் சேர்ந்து ஒரே பெரிய திரையாகும். 'மிரர்' என்றால் இரண்டிலும் ஒரே படம். மேஜையில் மானிட்டர்கள் இருக்கிற மாதிரியே படத்தில் இழுத்து வையுங்க. இல்லாவிட்டால் மவுஸ் வலப்பக்கம் போக வேண்டியது இடப்பக்கம் போகும்! ரிஃப்ரெஷ் ரேட்டையும் இங்கேயே மாற்றலாம். தப்பான செட்டிங் கொடுத்துத் திரை மறைந்துவிட்டாலும் கவலை இல்லை. எதையும் தொடாமல் இருந்தால் 20 விநாடியில் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

அப்டேட்டுக்குப் பிறகு திரையே வரலையா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது 'எஸ்கேப்' பட்டனைத் தட்டி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், முந்தைய கெர்னலைத் தேர்வு செய்து பாருங்க. பெரும்பாலும் திரை வந்துவிடும். பிறகு டிரைவரைச் சரிசெய்துகொள்ளலாம். எதற்கும், டிரைவரில் கை வைக்கும் முன் முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துடுங்க!